தூக்கிய பிக்கப்பும் ஒரு சின்னக் கம்பியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் வாகனப் பக்கத்தில் பிக்கப் வண்டிக்கு லிஃப்ட் கிட், அதாவது வண்டியை உயரமாக்குகிற உதிரிகள், போடுவது பற்றி வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் மூன்று பேர் மாற்றி மாற்றிப் படித்தோம். படம் ஜோர். நாலு இஞ்ச் தூக்கிய வண்டி, பெரிய டயர், பின்னால் மலை. எத்தனை இஞ்ச் தூக்கலாம், எவ்வளவு செலவாகும், எத்தனை நாளில் வண்டி கைக்கு வரும், எல்லாம் போட்டிருந்தீர்கள். பிரேக் என்ற சொல் மட்டும் ஒரு இடத்தில்கூட இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் பிரேக் பகுதியில் கை வைக்காதீர்கள்.

எனக்குப் போடி. வீடு தமிழ்நாட்டில், ஏலச்செடி கேரளத்தில் பூப்பாறைப் பக்கம். எங்கள் ஊரில் நிறைய பேருக்கு இதே கதைதான். வாரத்தில் மூன்று தடவையாவது போடிமெட்டு ஏறி இறங்கணும், 17 கொண்டை ஊசி வளைவு. அந்த ரோட்டில் ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை அதிலிருந்து பிரிந்து தோட்டத்துக்குப் போகிற மண் பாதையில்தான். மழை பிடித்துவிட்டால் இரண்டு பக்கமும் சக்கரத் தடம் பள்ளமாகி நடுவில் மேடு மட்டும் நிற்கும், அதில் வண்டியின் அடி டங்கென்று இடிக்கும். நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் இருந்தும் இரண்டு தடவை அப்படியே உட்கார்ந்துவிட்டது. சரி, வண்டியைத் தூக்கிவிடுவோம் என்று ஆசை வந்துவிட்டது.

பெரிய நகரம் ஒன்றில் இருக்கிற ஒரு கடையில் கொண்டுபோய் விட்டேன். பேர் வேண்டாம். முன்னால் ஸ்பிரிங்கைத் தாங்குகிற ஸ்ட்ரட் மேல் ஸ்பேசர் என்கிற தடித்த வளையம், பின்னால் பட்டைக்கும் (அடுக்கு ஸ்பிரிங்) சக்கரங்களை இணைக்கிற ஆக்ஸிலுக்கும் நடுவில் மூன்று இஞ்ச் இரும்பு பிளாக், அதற்கேற்ற நீள யு போல்ட். ஒரே நாளில் வேலை முடிந்தது. வண்டி கம்பீரமாகத்தான் நின்றது, பொய் சொல்ல மாட்டேன். ஊருக்குள் வந்தபோது டீக்கடையில் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

மறுநாள் தோட்டத்துக்குப் போனால் அதே மேட்டில் அதே டங். குனிந்து பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. இடிப்பது பின் ஆக்ஸிலின் நடுவில் உருண்டையாகத் தொங்குகிற கிரவுன் ஹவுசிங், பல்சக்கரம் இருக்கிற கூடு. ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் சேஸ் என்கிற அடிச்சட்டமும் பாடியும்தான் மேலே போகும், ஆக்ஸில் சக்கரத்தோடு இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயர் ஒன்றால்தான் முடியும், அதுவும் டயர் எவ்வளவு பெரிதாகிறதோ அதில் பாதிதான். 245/70 ஆர் 16 டயரை எடுத்துவிட்டு 265/70 போட்டால் குறுக்களவு 28 மில்லிமீட்டர் கூடும், ஆக்ஸில் உயர்வது 14 மில்லிமீட்டர். அவ்வளவுதான் கணக்கு. கடைக்காரர் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஏற்றத்தில் முதல் கியரில் எடுத்தால் பின்னால் ஓர் உதறல். ஆக்ஸில் சுழலப் பார்க்கும்போது பிளாக் ஒரு நெம்புகோல் மாதிரி நின்று பட்டையை முறுக்குகிறது, பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி அதிர்கிறது. முன் சக்கரத்தைச் சுற்றுகிற டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறை (பூட்) சாய்ந்த கோணத்திலேயே சுற்றிச் சுற்றி ஆறு மாதத்தில் கிழிந்து கிரீஸ் எல்லாம் வெளியே. ராத்திரியில் எதிரே வருகிறவன் எல்லாம் டிப்பர் அடித்துத் திட்டுகிறான், ஹெட்லைட்டைத் திரும்ப இறக்கி வைக்கணும் என்று யாருக்குத் தோன்றியது? இதெல்லாம் காசோடு போகிற தொல்லை. பிரேக் அப்படி இல்லை.

நவம்பர் மாதம், சாரல், பனி. பதினாலு மூட்டை காய், மூட்டைக்கு ஐம்பது கிலோ, ஏற்றிக்கொண்டு போடிமெட்டிலிருந்து இறங்குகிறேன். மூன்றாவது கியரில் இறங்கியது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பாரத்தோடு அதே கியரில் வருஷக்கணக்காக இறங்கியிருக்கிறேன். பாதி வளைவு தாண்டுவதற்குள் முன் சக்கரத்தில் தீய்ந்த வாடை, பெடல் மிதித்தால் வண்டி நிற்க யோசிக்கிறது. இரண்டாவதுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஓரத்தில் ஓர் அகலமான இடம் பார்த்து நிறுத்திவிட்டேன். உடன் வந்த பையன் இறங்கிக் கல் வைத்தான். இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசவே இல்லை. அப்புறம் முதல் கியரில் மலையடிவார முந்தல் வரை ஊர்ந்து வந்தோம்.

போடியில் எங்கள் பழைய மெக்கானிக், ஜீப் காலத்து ஆள், படுத்து அடியில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, நீ மூட்டை ஏத்தினதே இவனுக்குத் தெரியல. காலி வண்டின்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்" என்றார். அவர் காட்டியது சேஸில் இருக்கிற ஒரு சின்ன வால்வு, அதிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகிற ஒரு கம்பி. பாரம் ஏறினால் பாடி இறங்கும், பாடிக்கும் ஆக்ஸிலுக்கும் இடைவெளி குறையும், கம்பி வால்வைத் தள்ளும், பின் சக்கரத்துக்கு பிரேக் ஆயில் அழுத்தம் கூடும். காலி வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைத்துவிடும். இந்த ஏற்பாடு தெரியாமல் மூன்று இஞ்ச் தூக்கினால் முக்கால் டன் ஏற்றினாலும் வால்வுக்கு அது காலி வண்டிதான். பின் பிரேக் பேருக்கு வேலை செய்யும், மலை முழுக்க முன் சக்கரத்து பிரேக் பேடுகளே தாங்கும். தூக்கிய அளவுக்கு அந்தக் கம்பியின் பிராக்கெட்டை இறக்கி வைக்க ஒரு மணி நேர வேலை. கூடவே பின் பிரேக்குக்கு ஆயில் போகிற ரப்பர் ஹோஸ் எட்டுகிறதா என்றும் பார்த்திருக்கணும், என் வண்டியில் அது விறைத்து நின்றது. புது வண்டிகள் சிலவற்றில் கம்பி கிடையாது, இந்தப் பங்கீட்டை சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏ.பி.எஸ். கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. உங்கள் வண்டியில் எது என்று தெரிந்துகொண்டு அப்புறம் ஸ்பேனரைக் கையில் எடுக்கலாம்.

சட்டம் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். அதே வருஷம் வந்த திருத்தத்தில் வண்டிக்காரருக்கு ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நாங்கள் வாராவாரம் இரண்டு மாநிலத்து செக்போஸ்ட்டையும் தாண்டுகிறவர்கள். ஒரு பக்கம் விட்டாலும் மறுபக்கம் கேட்பார்கள்.

என்ன செய்தேன் என்றால், எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். பின் பட்டையில் இரண்டு நொந்து போயிருந்தன, மாற்றினேன். வண்டி தொய்ந்து கிடந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான், தூக்கப் போகுமுன் பார்த்திருந்தால் கடைக்கே போயிருக்க வேண்டாம். கம்பெனி அளவிலேயே நல்ல மண் ரோட்டு டயர் நாலு, கிரவுனுக்கும் என்ஜின் ஆயில் தொட்டியான சம்ப்புக்கும் அடியில் ஓர் இரும்புத் தகடு. அப்புறம் இரண்டு ஆளை வைத்து ஒருநாள் கூலி கொடுத்து அந்த நடு மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டேன். செலவிலேயே குறைந்தது அதுதான். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறுகிற ஜீப்புகளைப் பாருங்கள், குட்டை வண்டி, சின்ன கியர், எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைக்கணும் என்று தெரிந்த டிரைவர்.

இவ்வளவுக்கு அப்புறமும் தூக்கித்தான் ஆகணும் என்கிற தம்பிகள் இருப்பார்கள், நானும் இருந்தேன். அவர்களுக்காக ஒரு வேண்டுகோள்: அடுத்த தடவை இதே பக்கத்தில் அந்தக் கம்பியின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். என் வண்டியை வேண்டுமானால் தருகிறேன், உங்கள் புகைப்படக்காரர் அடியில் படுத்து எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஏலத்தோட்டக்காரர்,
போடிநாயக்கனூர்.