சீருடையோடு வீடு திரும்பியவர்

ஆசிரியருக்கு,

அமெரிக்கப் படையில் இனப் பாகுபாட்டை ஒழிக்க அதிபர் ட்ரூமன் 1948 ஜூலை 26 அன்று பிறப்பித்த ஆணையைத் தங்கள் கட்டுரை அவருடைய பெருந்தன்மையாகவே காட்டுகிறது. ஐசக் வுட்டார்டின் பெயர் அதில் இல்லை.

பசிபிக் போர்முனையில் பணியாற்றிய கறுப்பின சார்ஜண்ட் அவர். 1946 பிப்ரவரியில் படையிலிருந்து விடுபட்ட அன்றே, சீருடையைக்கூடக் கழற்றாமல், பஸ்ஸில் வீட்டுக்குப் புறப்பட்டார். வழியில் கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று கேட்டதில் ஓட்டுநரோடு வாய்த்தகராறு. அவ்வளவுதான். தென் கரோலினாவின் பேட்ஸ்பர்க்கில் இறக்கிவிட்டார்கள். அவ்வூர்க் காவல் தலைவர் தடியால் அடித்ததில் இரண்டு கண்களும் போயின. ஜப்பானியக் குண்டுகளுக்குத் தப்பிய கண்கள்!

வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி, சுமார் அரை மணி நேரத்தில் காவல் தலைவரை விடுவித்தது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி வேரிங்கை அது உறங்கவிடவில்லை போலும். பள்ளிகளில் கறுப்பின மாணவர்களைப் பிரித்துவைப்பதே சமத்துவமின்மைதான் என்று 1951இல் வேறொரு வழக்கில், உடனிருந்த நீதிபதிகளோடு மாறுபட்டு அவர் தனித்துத் தீர்ப்பெழுதினார். வுட்டார்டுக்கு நேர்ந்த கொடுமை ட்ரூமனையும் உலுக்கியது. ஆணை பிறந்த கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதன் பிறகும் கறுப்பினத்தவருக்கான தனிப் படைப்பிரிவுகள் முழுதாகக் கலைய 1954 வரை ஆனது. அடுத்த கட்டுரையில் வுட்டார்டுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள்.

- வாசகர், திருச்சி