பால்மரத்தில் (ரப்பர் மரத்தில்) வெட்டுக்கோட்டின் சரிவு எந்தப் பக்கம்?

நாளிதழ் ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுவர் கதைக்குப் படம் வரையக் கற்றுத்தரும் இடங்களில், "கோட்பாடெல்லாம் பல்கலைக்கழகத்தில் பார்த்துக்கொள்ளலாம், இப்போது கை பழகினால் போதும்" என்ற பேச்சு அடிக்கடி கேட்கிறது. இது பிள்ளைகளுக்குச் செய்யும் கேடு.

முன்பு கோட்பாடு என்றால் வண்ணச் சக்கரமும் பெர்ஸ்பெக்டிவும் (தொலைவைக் காட்டி வரையும் முறை) தான். இன்று படம் எதைச் சொல்கிறது, எழுத்து எதைச் சொல்கிறது என்ற கேள்வியும் சேர்ந்துவிட்டது. பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1964இல் ஒரு பாஸ்தா விளம்பரத்தை ஆராய்ந்தபோது, எழுத்துக்கு இரண்டு வேலை உண்டென்றார்: பல பொருள் தரும் படத்தை ஒரு பொருளில் நங்கூரமிட்டு நிறுத்துவது, படத்தில் இல்லாததைச் சொல்லிக் கதையை நகர்த்துவது. "அம்மா பால் வெட்டப் போனாள்" என்ற வரிக்குக் கீழே அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதையே வரைந்தால் இரண்டுமே நடக்காது. இருட்டில் விலகிப் போகும் நெற்றி விளக்கையும், தொட்டிலில் விழித்திருக்கும் பிள்ளையையும் வரையுங்கள்.

தமிழை இடமிருந்து வலமாகப் படிப்பதால், வலப்பக்கம் ஓடும் சிறுவன் கதையோடு முன்னே போவதாகத் தோன்றும். இதை மட்டும் கற்றவர் கணினியில் படத்தை இடவலமாகப் புரட்டிவிடுகிறார். அதில் பால்மரம் இருந்தால் தப்பாகிவிடும். மரத்துக்கு எதிரே நின்று பார்த்தால் வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து, சுமார் 30 பாகையில் வலப்பக்கம் இறங்க வேண்டும். பட்டைக்குள் பால்குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து மேலேறுவதால், இப்படி வெட்டினால்தான் நிறைய குழாய்கள் அறுபடும். புரட்டிய படத்தில் சரிவு மாறி, பால் பிடிக்கும் மங்கும் (கிண்ணம்) இடப்பக்கம் போய்விடும். தோட்டத்தில் வேலை செய்தவர் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதோடு கதை மேலிருந்த நம்பிக்கையும் போய்விடும்.

ஆகவே கோட்பாட்டைத் தனிக் கட்டுரையாக எழுத வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பென்சில் முன்வரைவிலேயே அது வர வேண்டும். ஒரு காட்சிக்கு 5க்கு 7 சென்டிமீட்டரில் நான்கு முன்வரைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் போதும். எழுத்தை மறைத்து, கதை தெரியாத ஒருவரிடம் படத்தைக் காட்டுங்கள். பிறகு படத்தை மறைத்து எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு முறையும் ஒரே பதில் வந்தால் அந்த முன்வரைவு வேண்டாம்.

படம் அச்சாகும் தாளையும் மனத்தில் வைக்க வேண்டும். நாளிதழ்த் தாள் மையை உறிஞ்சுவதால், சாம்பல் நிறத்தைக் காட்டும் நுண்ணிய அச்சுப் புள்ளிகள் பரவி, 50 விழுக்காட்டுச் சாம்பல் அச்சில் 75ஐ ஒட்டிக் கறுத்துவிடும். விடியற்காலைத் தோட்டக் காட்சிகள் கரும்பட்டையாக வருவது இதனால்தான்.

ஆசிரியர் அவர்களே, ஓவியருக்கு ஒரு வரிக் குறிப்பு மட்டும் அனுப்பாமல் முழுக் கதையையும் அனுப்புங்கள். படம் எத்தனை சென்டிமீட்டர் அகலத்தில், எந்தத் தாளில் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஓவியப் பயிற்றுநர்,
சுங்கை சிப்புட், பேராக்