அம்மா பெயரில் ஒரு காணி உறுதி வேண்டும்

தேயிலைத் தோட்ட நிர்வாகத்துக்கும் காணிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் வணக்கம்.

போன மாத மழையில், தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் கூரைத் தகரம் இரண்டு பிய்த்துக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியும். அம்மா கொடுத்த கடிதம் தோட்டத்து ஒபிசில்தான் கிடக்கிறது. திருத்தக் காசில்லை என்றீர்கள். சரி என்று நானே கொழும்பிலிருந்து பணம் அனுப்பித் தகரம் வாங்கச் சொன்னேன். வேலைக்கு வந்த மேசன் பாஸ் கூரையில் ஏறியதும், லயம் தோட்டத்துச் சொத்து, கைவைக்கக் கூடாது என்று ஆள் அனுப்பி இறக்கிவிட்டீர்கள். புதுத் தகரம் வாசல் இஸ்தோப்பில் சாத்திக் கிடக்கிறது. உள்ளே அம்மா தலைக்கு மேல் படங்கைக் கட்டிக்கொண்டு படுக்கிறார். 40 வருடம் இந்த மலையில் கொழுந்தெடுத்தவர் அவர்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, ஒற்றை அறை அது. ஐந்து பேர் அதில்தான் வளர்ந்தோம். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்துக் காம்பரா அம்மாயி தன் பேரனுக்குச் சொல்லும் கதையை நாங்கள் இந்தப் பக்கம் படுத்தபடி கேட்போம். நடுவில் நிறுத்திவிட்டுச் சுவரைத் தட்டுவார். நாங்கள் திருப்பித் தட்டினால்தான் மிச்சக் கதை. மழை பெய்தால் தகரச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது; அப்போதும் தட்டுவார், நாங்களும் தட்டுவோம். அந்தக் காம்பராவை நான் ஒருநாளும் வெறுத்ததில்லை. அதில் ஓர் ஆணி அடிக்கக்கூட அம்மாவுக்கு உரிமையில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கேட்பது 7 பேர்ச், அதாவது சுமார் 1,900 சதுர அடிக் காணி, அம்மா பெயரில் உறுதிப் பத்திரத்தோடு.

1948இல் எங்கள் மலையகச் சனத்தின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போயின. துரைமார் மாறினார்கள், எங்கள் லயம் அப்படியே இருக்கிறது. மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போயினவே, முன்பே எச்சரிக்கப்பட்ட இடம்தானே அது? எழும்பிப் போக அந்தச் சனத்துக்கு வேறு காணி எங்கே இருந்தது? இன்னும் எத்தனை மழைக்கு நாங்கள் விழித்திருக்க வேண்டும்?

மன்னியுங்கள், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். தயவுசெய்து அம்மா பெயரில் அந்த 7 பேர்ச்சுக்கு உறுதி எழுதிக் கொடுங்கள். அதற்கு நாளாகும் என்றால், இப்போதைக்கு இரண்டு தகரம் போட ஒரு துண்டு அனுமதி தாருங்கள். பாஸ் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
அந்த லயத்தில் வளர்ந்த மகன்