அவகாசம் கேட்பதில் என்ன தயக்கம்?

எடிசன், நியூ ஜெர்சி
5 ஏப்ரல் 2026

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. அப்பாவின் தலைத்திவசம் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. வீட்டை விற்றுவிட்டதால் கும்பகோணத்தில் சத்திரத்தில் தங்கித்தான் காரியம் செய்ய வேண்டியிருந்தது என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். கல்லூரி லீவுக்கு உங்கள் வீட்டுக்கு வந்து தங்கியதெல்லாம் ஞாபகம் வந்தது. அந்த வீடு இனி வேறொருவருடையது என்பதை என்னாலேயே ஏற்க முடியவில்லை. உனக்கு எப்படி இருக்கும்!

இங்கே எல்லோரும் சுகம். பெரியவனுக்கு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று நான் சொல்கிறேன், விடுதிதான் வேண்டும் என்று அவன் நிற்கிறான். திருச்சியில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து இப்போது பேப்பர் படிக்கிறாள். நான் இந்த வருடமும் சனிக்கிழமைகளில் நூலகத்தில் வீட்டா (VITA) முகாமுக்குப் போகிறேன். அமெரிக்க வருமானவரித் துறையான ஐ.ஆர்.எஸ். நடத்தும் இலவச வரி உதவித் திட்டம் அது. வருமானம் குறைந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறோம். ஏப்ரல் பிறந்தால் அங்கே உட்கார இடம் இருக்காது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். வரி ரிட்டர்னுக்கு அவகாசம் கேட்டு எக்ஸ்டென்ஷன் போட்டுவிடலாம் என்று உன் கணக்கர், அந்த சி.பி.ஏ., சொன்னதும் உனக்குக் கோபம் வந்திருக்கிறது. "அப்பா ஆயுசில் யாரிடமும் ஒரு நாள் தவணை கேட்டதில்லை. நான் மட்டும் ஏன் கேட்க வேண்டும்? தெரிந்த கணக்கை வைத்து ஏப்ரல் 15-ஆம் தேதிக்குள் போட்டுவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். உன் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நீ சி.பி.ஏ. சொல்வதைத்தான் கேட்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

அவகாசம் கேட்கும் படிவமான ஃபார்ம் 4868-ஐ எடுத்துப் பார். பேர், விலாசம், உங்கள் இரண்டு பேருடைய சோஷியல் செக்யூரிட்டி நம்பர், மொத்த வரி எவ்வளவு வரும் என்ற மதிப்பீடு, இதுவரை கட்டியது, பாக்கி, இப்போது கட்டுவது. கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஏன் தாமதம் என்று கேட்கும் கட்டமே அதில் கிடையாது. முன்பு அப்படி இல்லை. முதலில் ஆகஸ்ட் 15 வரை 4 மாதம் தருவார்கள். அதற்கு மேலும் வேண்டுமென்றால் இன்னொரு படிவத்தில் காரணம் எழுதி, அவர்கள் சம்மதிக்கக் காத்திருக்க வேண்டும். 2005-ஆம் வருடக் கணக்கிலிருந்து அதை எடுத்துவிட்டு, கேட்ட மாத்திரத்தில் 6 மாதம், அக்டோபர் 15 வரை, என்று ஆக்கிவிட்டார்கள். கெடுவுக்குள் ஒழுங்காகப் போட்டால் போதும். யார் தயவும் வேண்டியதில்லை. சட்டம் உனக்குக் கொடுத்திருக்கும் உரிமை இது.

உன் கணக்கை இப்போதே முடிக்க முடியாது என்பதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. இங்கே வருடம் டிசம்பரில் முடிகிறது, அங்கே மார்ச்சில். போன நவம்பரில் நடந்த கிரயத்துக்கு நீ இந்தியாவில் ரிட்டர்ன் போடப்போவது வரும் ஜூலையில்தான். "அண்ணனுக்கு 1 சதவீதம்தான் வரி பிடித்தார்கள், எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு" என்று கேட்டிருந்தாய். விற்கிறவர் வெளிநாட்டில் இருந்தால் நடைமுறையே வேறு. வருமானவரி அலுவலகத்தில் குறைந்த விகிதத்துக்கு முன்கூட்டியே சான்றிதழ் வாங்கியிருந்தால் ஒழிய, லாபத்தின் மேல் அல்ல, விற்ற தொகை முழுவதன் மேலும் 12.5 சதவீதமும் அதற்கு மேல் தொகையைப் பொறுத்து சர்சார்ஜும் செஸ்ஸும் பிடிப்பார்கள். அதில் உன் உண்மையான வரி எவ்வளவு, திரும்பி வருவது எவ்வளவு என்பது ரிட்டர்ன் போட்ட பிறகுதான் தெரியும்.

நீ அவசரப்பட்டால் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கிரயத்தின்போதே பிடிக்கும் இந்த டிடிஎஸ் முடிவான வரி அல்ல, முன்பணம். ஃபார்ம் 1116-இல் வெளிநாட்டு வரிக்கழிவு கேட்கும்போது முடிவான வரியை மட்டும்தான் காட்டலாம். ரீஃபண்டாகத் திரும்பி வரக்கூடிய பணத்துக்குக் கழிவு கிடையாது. டிடிஎஸ் மொத்தத்தையும் வரி என்று இன்றைக்குப் போட்டுவிட்டு, நாளைக்கு அங்கே ரீஃபண்ட் வந்தால், இங்கே திருத்திய ரிட்டர்ன் போட வேண்டும். ஒரு வேலையை இரண்டு தடவை செய்வதற்குச் செலவும் இரண்டு தடவை.

அடுத்தது லாபக் கணக்கு. இந்தியாவில் அப்பாவுக்கு அந்த வீடு என்ன விலையில் வந்ததோ அதையே உன் அடக்கவிலையாக எடுப்பார்கள். 2001-க்கு முந்தைய வீடு என்பதால் 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பை வைத்துக்கொள்ளலாம். அப்பா ரசீதுகளைக் கம்பியில் குத்தி வருஷவாரியாக வைத்திருப்பாரே, அது இப்போது தங்கம். மாடி கட்டியதற்கும் போர்வெல் போட்டதற்கும் ஆன செலவு 2001-க்குப் பிந்தையது என்றால் ஆடிட்டர் அதையும் சேர்த்துக் கழிப்பார். அண்ணன் வீட்டைக் காலி செய்தபோது அந்தக் கம்பியைத் தூக்கிப் போடாமல் இருந்தால் சரி. இன்றைக்கே கேள்.

அமெரிக்காவில் கணக்கே வேறு. வாரிசாக வந்த சொத்துக்கு, அப்பா இறந்த அன்றைய சந்தை மதிப்புதான் உன் அடக்கவிலை. அவர் போனது 2025 பிப்ரவரியில், விற்றது அதே வருடம் நவம்பரில். இடையில் விலை எவ்வளவு ஏறியிருக்கும்? ஆகவே இங்கே லாபம் கொஞ்சமாகத்தான் நிற்கும். ஆனால் அந்த மதிப்பை வாயால் சொன்னால் போதாது. அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம், இறந்த தேதியைக் குறிப்பிட்டு ஒரு அறிக்கை வாங்க வேண்டும். பத்திரப் பதிவுக்குப் பார்க்கும் வழிகாட்டி மதிப்பைக் கொண்டுவந்து இங்கே வைக்காதே. அது பெரும்பாலும் சந்தை விலையைவிடக் குறைவாக இருக்கும். இல்லாத லாபத்துக்கு நீ வரி கட்ட நேரும். இந்த அறிக்கை ஒன்றுக்காகவே 6 மாதம் வாங்கலாம் என்பேன். இங்கே லாபம் சின்னதாக இருந்தால் கழிவும் அந்த அளவுக்குத்தான் கிடைக்கும். மிச்சம் வீணாகாது. ஒரு வருடம் பின்னுக்கும் 10 வருடம் முன்னுக்கும் கொண்டுபோகலாம்.

ஃபார்ம் 3520 பற்றி சி.பி.ஏ. சொன்னாரா? வெளிநாட்டவர் ஒருவரிடமிருந்து வாரிசாகவோ அன்பளிப்பாகவோ வருடத்தில் 1,00,000 டாலருக்கு மேல் வந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும். வரி ஒன்றும் இல்லை, தகவல் மட்டும்தான். ஆனால் தெரிவிக்காமல் விட்டால் அந்தத் தொகையில் மாதம் 5 சதவீதம் வீதம் 25 சதவீதம் வரை அபராதம் போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. உன் பங்கு அந்த வரம்பைத் தாண்டும் என்று நினைக்கிறேன். உன் ரிட்டர்னுக்கு எக்ஸ்டென்ஷன் வாங்கினால் இதற்கும் அக்டோபர் 15 வரை அவகாசம் சேர்ந்தே கிடைத்துவிடும். எக்ஸ்டென்ஷன் வாங்கியிருக்கிறோம் என்பதற்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் அடிக்க மறக்காதே.

வெளிநாட்டு வங்கிக் கணக்குகளைத் தெரிவிக்கும் எஃப்பார் (FBAR) வேறு. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் எந்த ஒரு நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதைப் போட வேண்டும். அதற்கு நீ கேட்காமலே அக்டோபர் 15 வரை அவகாசம் உண்டு. விற்ற பணம் விழுந்த, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கோடு நிறுத்திவிடாதே. பாங்குக்கு நடக்க முடியாமல் போனபோது அப்பா தன் கணக்கிலும் டெபாசிட்டிலும் "ஐதர் ஆர் சர்வைவர்" (இருவரில் யாரும் எடுக்கலாம்) என்று உன் பெயரையும் சேர்த்தார் அல்லவா? பணம் அப்பாவுடையதாகவே இருந்தாலும் அவையும் கணக்கில் வரும். நம்மவர்களில் பலர் விடுவது இதைத்தான்.

இனி மிக முக்கியமான சேதி. எக்ஸ்டென்ஷன் கிடைப்பது படிவத்துக்கு மட்டும்தான், பணத்துக்கு இல்லை. வரி பாக்கி இருக்கும் என்று தோன்றினால் அதை இந்த 15-ஆம் தேதி புதன்கிழமைக்குள் கட்டிவிடு. சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் உங்கள் இருவர் டபிள்யூ-2-வையும் எடு. பிடித்தமான வரியைக் கூட்டு. வீட்டு லாபத்தையும் டெபாசிட் வட்டியையும் கொஞ்சம் தாராளமாகவே வைத்து மொத்த வரியை மதிப்பிடு. மொத்த வரியில் 90 சதவீதமாவது அன்றைக்குள் கட்டியிருந்து, மீதியை ரிட்டர்னோடு கட்டினால் தாமத அபராதம் இல்லை, வட்டி மட்டும்தான். மதிப்பீட்டில் சும்மா பூஜ்யம் போட்டுவிடாதே. கையில் இருக்கும் தகவலை வைத்து நியாயமாகப் போட்ட தொகை இல்லை என்று அவர்கள் முடிவு செய்தால் எக்ஸ்டென்ஷனே செல்லாமல் போய்விடும்.

ஐ.ஆர்.எஸ். தளத்தில் டைரக்ட் பே வழியாகக் கட்டும்போது காரணம் என்ற இடத்தில் எக்ஸ்டென்ஷன் என்றும், வருடம் 2025 என்றும் தேர்ந்தெடு. அப்படிக் கட்டினாலே எக்ஸ்டென்ஷன் போட்டதாக ஆகிவிடும், 4868-ஐத் தனியாக அனுப்ப வேண்டியதில்லை. வருடம் மாறி 2026-க்குப் போய்விட்டால் பின்னால் ஃபோனில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். உறுதிப்படுத்தும் எண்ணை அச்செடுத்து வை.

கலிஃபோர்னியாவுக்கும் ஒரு கணக்கு உண்டு. உங்கள் மாநிலம் கேட்காமலே 6 மாதம் கொடுத்துவிடும், படிவமே வேண்டாம்.  ஆனால் பணம் கட்டும் கெடு அங்கேயும் ஏப்ரல் 15-தான். அதோடு, வெளிநாட்டில் கட்டிய வரிக்குக் கலிஃபோர்னியா கழிவு தராது. அதனால் வீட்டு லாபத்துக்கு மாநில வரியைத் தனியாக எடுத்து வை.

முழுப் பணமும் கையில் இல்லாவிட்டாலும் படிவத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. போன வருடம் முகாமுக்கு ஒரு டாக்ஸி ஓட்டுநர் வந்தார். 4,000 டாலர் பாக்கி, கட்ட வழியில்லை. அதனால் ரிட்டர்னையே போடாமல் மாதக்கணக்கில் வைத்திருந்தார். ரிட்டர்ன் போடாததற்கும் கட்டாததற்குமாகச் சேர்த்து முதல் 5 மாதம் மாதத்துக்கு 5 சதவீதம், அதாவது 200 டாலர். எக்ஸ்டென்ஷன் மட்டும் போட்டிருந்தால் கட்டாததற்கு அரை சதவீதம், 20 டாலர். வட்டி இரண்டிலும் உண்டு. காகிதத்தில் இரண்டு எண்ணையும் எழுதிக் காட்டினேன். மனுஷர் அதையே பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். யாராவது ஒருவர் ஏப்ரலில் அவரிடம் இதைச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நம் கோயிலிலும் தமிழ்ச் சங்கத்திலும் பார்க்கிறவர்களிடமெல்லாம் இப்போது இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எக்ஸ்டென்ஷன் போட்டால் ஆடிட் வரும் என்று உன் ஆபீஸில் யாரோ பயமுறுத்தியதாக எழுதியிருக்கிறாய். அவகாசம் வாங்கினார் என்பதற்காக ஒருவரை ஆடிட்டுக்கு எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நாம் எழுதும் எண்ணும் அவர்களிடம் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகாதபோதுதான் பெரும்பாலும் நோட்டீஸ் வருகிறது. அதற்காகவாவது நிதானமாகப் போடுவது நல்லது.

அப்புறம், ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கான ஐ.ஆர்.ஏ.-வில் 2025-க்காகப் பணம் போடுவதென்றால் அதற்கு அவகாசம் கிடையாது, 15-ஆம் தேதியோடு சரி. மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு எச்.எஸ்.ஏ.-வுக்கும் அப்படித்தான். உன் கணவர் கன்சல்டிங் வருமானத்துக்குக் காலாண்டு வரி கட்டுகிறார் என்றால் 2026-இன் முதல் தவணையும் அதே நாள். அவரிடம் ஞாபகப்படுத்து.

ஒரு வருடமாக நீ ஓடிய ஓட்டம் எனக்குத் தெரியும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா, சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் என்று ஒவ்வொரு ஜன்னலிலும் அப்பா பெயரை எழுதி, அவர் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஊரிலிருந்து வந்து இன்னும் பெட்டிகூடப் பிரிக்கவில்லை என்கிறாய். இந்த நிலையில் ராத்திரி கண்விழித்து அவருடைய வீட்டை டாலரில் மாற்றிக் கணக்குப் போட வேண்டுமா? அப்பா இருந்திருந்தால் சம்மதித்திருக்க மாட்டார், காகிதம் எல்லாம் வந்து சேரட்டும் என்றுதான் சொல்லியிருப்பார்.

இந்த வாரம் மூன்றே வேலை செய். உத்தேச வரியைக் கட்டிவிடு. அண்ணனுக்கு ஃபோன் போட்டு மதிப்பீட்டாளரை ஏற்பாடு செய்யச் சொல், வாங்கியவரிடம் டிடிஎஸ் சான்றிதழையும் கேட்கச் சொல். சி.பி.ஏ.-விடம் 3520 போட்ட அனுபவம் உண்டா என்று வெளிப்படையாகக் கேள். இல்லையென்றால் வேறு ஆள் தேட நமக்கு அக்டோபர் வரை நேரம் இருக்கிறது. எங்கள் முகாமில் இந்த மாதிரிக் கணக்கை எடுக்க அனுமதியில்லை, இருந்தால் நானே போட்டுக் கொடுத்திருப்பேன். உத்தேசக் கணக்கை மட்டும் வியாழன் இரவு ஃபோனில் சேர்ந்து போடலாம். டபிள்யூ-2-வைக் கையில் வைத்துக்கொண்டு எட்டு மணிக்கு மேல் கூப்பிடு. உங்கள் நேரம் எட்டு என்றாலும் பரவாயில்லை, நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி