பாலத்துக்கு அடியில் என்ன வரும் என்று கேள்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அதற்காகப் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டாம் முறை கேட்காதே. இங்கே நாங்கள் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது.

உங்கள் ஊர் பைபாஸ் நாலு ரோட்டில் சிக்னலை எடுத்துவிட்டு மேம்பாலம் வரப்போகிறது, ஊரில் பாதிப் பேர் பட்டாசு வெடிக்கிறார்கள், மீதிப் பேர் கடையடைப்பு என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். "சென்னையில் கத்திப்பாரா சந்திப்புக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறவன், நீ சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டாய். சரி, சொல்கிறேன்.

நாம் கிண்டி எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்துக் கத்திப்பாரா உனக்கு மறந்திருக்காது. நடுவில் நேரு சிலை, சுற்றிலும் புகை. விமான நிலையத்திலிருந்து வருகிற டாக்ஸி, பூந்தமல்லி ரோட்டு லாரி, 100 அடி ரோட்டு பஸ், மவுண்ட் ரோட்டுக்கு விழுந்தடித்து ஓடுகிற ஸ்கூட்டர், எல்லாம் ஒரே இடத்தில் மூக்கை நுழைக்கும். நாலு சாலை ஒரே மட்டத்தில் சந்தித்தால் வண்டியும் வண்டியும் மோத வாய்ப்புள்ள இடங்கள் 32 என்று பொறியாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதில் 16 இடங்கள் ஒருவன் பாதையை இன்னொருவன் குறுக்கே வெட்டுகிற இடங்கள். மோசமான விபத்தெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். சிக்னல் வைத்தால் மோதல் குறையும். ஆனால் ஒரு பக்கம் பச்சை விழும்போது மற்ற மூன்று பக்கமும் நிற்க வேண்டும். வண்டி பெருகப் பெருக வரிசை அடுத்த சிக்னல் வரை நீண்டுவிடும்.

2008-ல் அந்த இடத்தில் நாலிதழ் வடிவப் பாலம் திறந்தார்கள். சூட்சுமம் எளிது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், ஆகவே தொல்லையெல்லாம் வலது பக்கம் திரும்புகிறவனால். அவனை நேரடியாகத் திரும்ப விடுவதில்லை. நேரே போய்க் குறுக்குச் சாலையைத் தாண்டு, பிறகு இடப்பக்கம் ஒடித்து ஒரு வட்டமடித்து அந்தச் சாலையிலேயே போய்ச் சேர். யாரும் யாரையும் வெட்டுவதில்லை, யாரும் நிற்பதுமில்லை. அந்த வகையில் அது நல்ல வேலை, மறுக்க மாட்டேன்.

குறை வேறு இடத்தில். ஒரு வட்டத்திலிருந்து இறங்குகிறவனும் அடுத்த வட்டத்தில் ஏறப்போகிறவனும் கொஞ்ச தூரத்துக்குள் இடம் மாறிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் அங்கே பார்க்க வேண்டும். தண்ணீர் லாரி ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கும், பக்கத்தில் பைக் ஓட்டுகிறவன் இடது இண்டிகேட்டர் போட்டுக்கொண்டே வலது பக்கம் போவான், இருவருக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஆளை ஏற்ற நிற்கும். அமெரிக்காவில் இந்த வகைப் பாலத்தை முதலில் கட்டியது 1929-ல், நியூ ஜெர்சியின் வுட்பிரிட்ஜில். இந்தக் கோளாறைப் பார்த்து அந்த நாட்டிலேயே இப்போது பல ஊர்களில் இதை மாற்றிக் கட்டுகிறார்கள்.

நெரிசல் ஒழிந்ததா என்றால், இடம் மாறியது. கத்திப்பாராவில் நிற்காமல் வருகிறவன் மவுண்ட் ரோட்டில் போய் நிற்கிறான். அதற்கு மருந்தாக 2024-ல் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டைக்கு 3.2 கி.மீ. மேல்மட்டச் சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். அது எங்கே கொண்டுபோய் நிறுத்துமோ!

ஆனால் உன் ஊருக்கு இதெல்லாம் இரண்டாம்பட்சம். உங்களுக்கு நாலிதழ் கட்ட மாட்டார்கள், அதற்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். நெடுஞ்சாலையை மட்டும் மேலே தூக்கிவிட்டு, ஊர் வண்டிகளைக் கீழே விடுவார்கள். அப்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தூணா, மண்ணா? இரண்டு பக்கமும் சிமென்ட் பலகையை அடுக்கி, நடுவில் மண்ணைக் கொட்டி உயர்த்துவது செலவு குறைவு. நடுவில் ஒரே ஒரு வழி விடுவார்கள். அதோடு ஊர் இரண்டாகிவிடும். இந்தப் பக்கம் பள்ளிக்கூடம், அந்தப் பக்கம் வீடு என்றால் பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அல்லது எங்காவது தடுப்பைத் தாண்டிக் குதிக்க வேண்டும். தூண் வைத்துக் கட்டினால் கீழே காற்றும் ஆளும் போகும், கடைக்காரனும் பிழைப்பான்.

கத்திப்பாராவுக்கு அடியில் அந்த இடம் வருஷக்கணக்கில் சும்மாதான் கிடந்தது. 2021-ல்தான் மெட்ரோ ரயில்காரர்கள் அங்கே பஸ் நிற்க இடம், வண்டி நிறுத்துமிடம், சாப்பாட்டுக் கடை என்று வைத்தார்கள். ராத்திரியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறார்கள். பாலம் திறந்து 13 வருஷம் கழித்து நடக்கிறவன் ஞாபகம் வந்தது என்று வைத்துக்கொள். அங்கே தூண் இருந்ததால் அதுவாவது முடிந்தது, மண்மேடாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள்?

பஸ் எங்கே நிற்கும் என்பதையும் கேள். பாலம் வந்ததும் வெளியூர் பஸ்ஸெல்லாம் மேலேயே போய்விடும். "சர்வீஸ் ரோட்டில் வரும்" என்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் எந்த டிரைவர் கீழே இறங்குவான்? சர்வீஸ் ரோட்டு அகலம், மழைத்தண்ணீர் ஓடுகிற வழி, இரண்டையும் வரைபடத்தில் காட்டச் சொல். கடையடைப்பெல்லாம் அப்புறம். முதலில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றைக்கு என்று விசாரித்து, மனுவை எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

வைகாசியில் பேரனுக்குக் காதுகுத்து, குடும்பத்தோடு வர வேண்டும். உங்கள் பஸ் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும், கோயம்பேடு வரை வராது. அங்கிருந்து மாநகரப் பஸ்ஸில் விமான நிலையம் வந்து மெட்ரோ பிடி, ஆலந்தூரில் இறங்கு. லிஃப்ட் இருக்கிறது, தங்கச்சியைப் படியேற வைக்காதே. அந்த வரைபடம் கிடைத்தால் ஒரு நகல் எடுத்து வா, உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
ராஜு