கர்ப்பப்பையை எடுப்பதா என்று கேட்ட தோழிக்கு

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமா என்று வழக்கம்போல் கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நலமாக இல்லை என்பதைத்தான் நீ பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு, ஹீமோகுளோபின் 7.8, ஸ்கேனில் தெரிந்த நார்க்கட்டி, ‘குழந்தைகள் பெற்றாயிற்று, வயதும் 44 ஆகிவிட்டது, எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது’ என்று மருத்துவர் சொன்ன ஒரு வரி, அதற்குச் சம்மதம் சொல்ல உனக்குத் தந்திருக்கும் ஒரு வாரம். அந்த அறுவைச் சிகிச்சையைச் செய்துகொண்டவள் என்ற முறையில் என்னிடம் யோசனை கேட்டிருக்கிறாய்.

நான் செய்துகொண்டேன், அதற்காக வருந்தியதில்லை. ஆனாலும் ‘நீயும் செய்துகொள்’ என்று உடனே எழுத எனக்குக் கை வரவில்லை. உனக்கு ஏன் இவ்வளவு ரத்தம் போகிறது என்று இன்னும் யாரும் முழுமையாகத் தேடிப் பார்க்கவில்லை என்பது உன் கடிதத்திலிருந்தே தெரிகிறது. காரணம் தெரிவதற்கு முன்பு, ரத்தசோகையால் படியேற முடியாமல் மூச்சு வாங்கும் நிலையில், உன்னை முடிவெடுக்கச் சொல்கிறார்கள். அந்த வரிசைதான் எனக்குத் தவறாகப் படுகிறது.

முதலில் ரத்தசோகையைப் பற்றிச் சொல்கிறேன். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்றுதான் கணக்கு. 7.8 என்றால் நெஞ்சு படபடப்பதும், தலை சுற்றுவதும், சொன்னது மறந்துபோவதும், காரணமில்லாமல் அழுகை வருவதும் இயல்பு. ‘என்னால் இனி எதையும் தாங்க முடியாது, யாராவது முடிவெடுத்துவிடட்டும்’ என்று நீ எழுதியிருப்பதைப் படித்தபோது, அதில் பாதி உன் மனம் சொன்னது, மீதி உன் இரும்புக் குறைவு சொன்னது என்றே எனக்குத் தோன்றியது. நானும் அந்த நிலையில் இருந்திருக்கிறேன். ரத்தம் ஏறிய பிறகு அதே அறுவைச் சிகிச்சையைப் பற்றி நான் யோசித்த விதமே வேறாக இருந்தது.

ஆகையால் ஃபெரிட்டின் என்ற பரிசோதனையைச் செய்துகொள். உடம்பில் இரும்பின் இருப்பு எவ்வளவு என்பதை அது காட்டும். 30-க்குக் கீழே இருந்தால் இருப்பு தீர்ந்துவருகிறது என்று பொருள். இரும்பு மாத்திரையைத் தேநீருடனோ காபியுடனோ விழுங்காதே, உடம்பில் சரியாகச் சேராது. தினமும் இரண்டு மூன்று வேளை போட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்வதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மாத்திரை போட்டால் இரும்பு நன்றாக உறிஞ்சப்படுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உனக்கு எது பொருந்தும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ, போகும் வேகத்துக்கு மாத்திரை ஈடுகொடுக்கவில்லை என்றாலோ, நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் இருப்பை நிரப்ப மாத்திரையை ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டும். பலரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். முடிவில் நீ அறுவைச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தாலும், ரத்தம் ஏறிய உடம்போடு மேசையில் படுப்பதுதான் பாதுகாப்பு. இதற்காகச் செலவிடும் வாரங்கள் எந்த வழியில் போனாலும் வீணாகாது. இடையில் ஒரு நாப்கின் ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் தொடர்ந்து நனைந்து, மயக்கமும் வந்தால், எதையும் யோசிக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடு.

அடுத்து, காரணம். 2011-இல் பன்னாட்டு மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு, இயல்பற்ற உதிரப்போக்கின் காரணங்களை ஒன்பது வகைகளாகப் பிரித்துத் தந்தது. ஸ்கேனிலோ திசுப் பரிசோதனையிலோ கண்ணுக்குத் தெரிபவை நான்கு: பாலிப் (உள்சவ்வில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி), அடினோமயோசிஸ் (அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்), நார்க்கட்டி, புற்றுநோயும் அதற்கு முந்தைய மாற்றங்களும். மற்றவை அப்படித் தெரியாதவை: ரத்தம் உறைவதில் குறை, முட்டை சரியாக வெளிவராமை, கர்ப்பப்பையின் உள்சவ்வில் கோளாறு, மருந்துகளின் விளைவு போன்றவை. ஸ்கேனில் ஒரு கட்டி தெரிந்தவுடன் தேடலை நிறுத்திவிடுவது எளிது. ஆனால் உன் வயதில் ஏராளமான பெண்களுக்கு நார்க்கட்டி இருக்கிறது. அவற்றில் பல எந்தத் தொந்தரவும் தராமல் கிடக்கின்றன. கட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். கர்ப்பப்பையின் உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கட்டிகூட ரத்தத்தைப் பெருக்கெடுக்க வைக்கும். வெளிச்சுவரில் இருக்கும் பெரிய கட்டிக்கு உதிரப்போக்கோடு தொடர்பே இல்லாமல் இருக்கலாம். உன் அறிக்கையில் இடம் என்ன என்று எழுதியிருக்கிறதா என்று பார். உள்சவ்விலிருந்து திசு எடுத்துப் பார்த்தார்களா என்றும் கேள். 45-ஐ நெருங்கும் வயதில், இத்தனை ஒழுங்கற்ற போக்குக்கு, அந்தப் பரிசோதனை இல்லாமல் எந்த முடிவுக்கும் போகக்கூடாது. தைராய்டு அளவையும் பார்க்கச் சொல்.

இனி எழுதப்போவதுதான் இந்தக் கடிதத்தை நான் அவசரமாக எழுதக் காரணம். நாம் ஒன்றாக விடுதியில் இருந்த நாட்களை நினைத்துப் பார். பதினேழு வயதிலேயே உனக்கு மாதவிடாய் வந்தால் இரவில் எழுந்து எழுந்து நாப்கின் மாற்றுவாய். படுக்கை விரிப்பை யாரும் பார்ப்பதற்கு முன் துவைக்க நானும் உடன் வந்திருக்கிறேன். கடைவாய்ப்பல் எடுத்த பிறகு மறுநாள்வரை ரத்தம் நிற்காமல் திரும்பவும் மருத்துவரிடம் ஓடினோம். எங்கே இடித்துக்கொண்டாய் என்று உனக்கே தெரியாத நீலத் திட்டுகள் காலில் இருக்கும். உன் அம்மாவுக்கும் பிரசவத்தின்போது அதிகம் போனதாக நீயே சொல்லியிருக்கிறாய். இவற்றையெல்லாம் இன்றைய மருத்துவரிடம் சொன்னாயா? நார்க்கட்டி பதினேழு வயதில் இருந்திருக்காது. முதல் மாதவிடாயிலிருந்தே அளவுக்கு மீறிப் போகிறது என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ரத்தம் சரியாக உறைகிறதா என்பதுதான்.

ரத்தம் உறைவதற்கு உதவும் ஒரு புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அதை வான் வில்லிபிராண்ட் நோய் என்கிறார்கள். எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற பின்லாந்து மருத்துவர் 1926-இல் அதைப் பற்றி எழுதினார். அவர் ஆராய்ந்த குடும்பத்தில் இருந்த ஒரு சிறுமி, பதின்மூன்று வயதில், தன் நான்காவது மாதவிடாயில் ரத்தப்போக்கால் இறந்துபோனாள். நூறு ஆண்டுகளாக மருத்துவம் அறிந்த நோய் இது; ஆனாலும் ‘எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இப்படித்தான் போகும்’ என்று சொல்லிக்கொண்டு எத்தனையோ பெண்கள் வாழ்நாள் முழுவதும் கண்டறியப்படாமலே இருக்கிறார்கள் என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தத்தைத் தருகிறது. உனக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை; அதை முடிவு செய்ய வேண்டியவர் ரத்தநோய் மருத்துவர். ஆனால் வழக்கமாக எடுக்கும் உறைதல் பரிசோதனைகள் இயல்பாக இருந்தாலும் இந்த நோய் இருக்கக்கூடும். இதற்கென்று தனிப் பரிசோதனை உண்டு. உடம்பில் அழற்சியோ மன அழுத்தமோ இருக்கும்போது அந்தப் புரதம் தற்காலிகமாகக் கூடிவிடுவதால், சிலருக்கு மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டியும் வரும். இருப்பது தெரிந்துவிட்டால் இரண்டு நன்மைகள். கர்ப்பப்பையை எடுக்காமலே போக்கை அடக்க வழி கிடைக்கலாம். எடுக்கத்தான் வேண்டும் என்றாலும், அறுவைக்கு முன்னும் பின்னும் தேவையான மருந்தோடு ஆயத்தமாக இருப்பார்கள். தெரியாமல் மேசையில் படுப்பது ஆபத்து. இது தெளியும்வரை வலிக்கு ஆஸ்பிரின், மெஃபனாமிக் ஆசிட் போன்றவற்றை நீயாகப் போட்டுக்கொள்ளாதே.

அறுவைக்கும் சும்மா இருப்பதற்கும் நடுவே எத்தனை படிகள் இருக்கின்றன என்பதையும் உன்னிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை ஹார்மோன் அல்ல. உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் காக்கும் மருந்து. உட்டாகோ ஒகமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவரும் அவர் கணவரும் 1962-இல் அதைக் கண்டறிந்தார்கள். அதிகம் போகும் நாட்களில் மட்டும் போட்டுக்கொண்டால் போதும். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்த வரலாறு உள்ளவர்கள் போன்ற சிலருக்குக் கூடாது. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைச் சிறிது சிறிதாக உள்ளேயே வெளிவிடும் மிரேனா போன்ற சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்தால் பெரும்பாலானவர்களுக்குப் போக்கு மிகவும் குறைந்துவிடும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை சொட்டுச் சொட்டாகப் படும்; அது தெரியாமல் பலர் ‘இது வேலை செய்யவில்லை’ என்று எடுத்துவிடுகிறார்கள். கட்டி உட்குழிக்குள் இருந்தால் வயிற்றைத் திறக்காமல் கீழ்வழியாகவே கருவியைச் செலுத்தி அதை மட்டும் செதுக்கி எடுக்கலாம். கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் முறையும், உள்சவ்வை வெப்பத்தால் சுட்டு அகற்றும் முறையும் இருக்கின்றன. பின்னதைச் செய்துகொண்டவர்களில் ஒரு பகுதியினர் சில ஆண்டுகளில் கர்ப்பப்பையை எடுக்கவே திரும்பி வருகிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம்.

எனக்கு இருந்தது அடினோமயோசிஸ். உள்சவ்வுத் திசு தசைச் சுவருக்குள்ளேயே புகுந்து வளரும் கோளாறு அது. போக்கோடு வலியும் சேர்ந்தது. மாத்திரைகளும் சாதனமும் போக்கைக் குறைத்தனவே தவிர வலியை விடவில்லை. வீட்டிலும் வேலையிலும் நான் பாதி ஆளாகத்தான் இருந்தேன். மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கியிருந்தால் பொறுத்திருப்பேன். எனக்கு அதற்கு நெடுங்காலம் இருந்தது. எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்த பிறகு, நானே விரும்பிக் கேட்டு எடுத்துக்கொண்டேன். அதனால்தான் அதன் பின் வந்த களைப்பையும் துக்கத்தையும் என்னால் ஏற்க முடிந்தது. ஆம், துக்கமும் இருந்தது. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இல்லாமலிருந்தும், வலி போன நிம்மதியோடு சேர்ந்தே ஒரு வெறுமை வந்து சில வாரம் தங்கிப் போனது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம்; உனக்கு வந்தால் உன்னிடம் ஏதோ குறை என்று எண்ணிவிடாதே.

நீ அதே முடிவுக்கு வந்தால், சம்மதப் படிவத்தில் என்னென்ன எடுக்கிறார்கள் என்பதை வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடு. கர்ப்பப்பையை எடுப்பது வேறு, சினைப்பைகளை எடுப்பது வேறு. புற்றுநோய்ப் பயமோ பரம்பரைக் காரணமோ இல்லாதபோது 44 வயதில் சினைப்பைகளை எடுத்தால் ஹார்மோன் ஒரே நாளில் நின்றுபோய், எலும்பும் இதயமும் பின்னாளில் அதன் விலையைக் கொடுக்கின்றன. ‘கூடவே அதையும் எடுத்துவிடலாம்’ என்று இலேசாகச் சொன்னால் காரணம் கேள். கருக்குழாய்களை மட்டும் சேர்த்து எடுப்பதற்கு நியாயம் இருக்கிறது. சினைப்பைப் புற்றுநோயில் ஒரு பெரும்பங்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. கர்ப்பப்பை வாயை விட்டுவைத்தால் புற்றுநோய்த் தடுப்புப் பரிசோதனையைத் தொடர வேண்டும். சிலருக்கு மாதந்தோறும் சிறிது கறைபடும். யோனி வழியாகவோ, வயிற்றில் சிறு துளைகள் மட்டும் இட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியிலோ செய்ய முடியுமா என்று கேள். வயிற்றைக் கிழித்துச் செய்வதைவிட எழுந்து நடமாடுவது விரைவில் நடக்கும். எந்த வழியானாலும் ஏறக்குறைய ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாது, உள்தையல் ஆறும்வரை உறவும் கூடாது.

உறவு பற்றி நீ ஒரே வரியில், அதுவும் அடித்து எழுதியிருந்தாய். எனக்கு ஆறிய பிறகு எதுவும் குறைந்துபோகவில்லை. ரத்தமும் வலியும் இல்லாததால் நன்றாகவே ஆயிற்று. எல்லோருக்கும் இப்படியே இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் பெண்மை போய்விடும் என்று உன்னைப் பயமுறுத்துகிறவர்களின் பேச்சை முடிவுக்குள் நுழையவிடாதே. ‘குழந்தை பெற்றாயிற்று, இனி அது எதற்கு’ என்கிறவர்களின் பேச்சையும் அப்படியே வெளியே நிறுத்து. இரு தரப்பாரும் உன் உடம்பைப் பற்றி உன்னிடம் கேட்காமலே பேசுகிறார்கள். இது புற்றுநோய்க்கான அறுவை அல்ல. திசுப் பரிசோதனை தெளிவாக வந்துவிட்டால், ஒரு வாரத்தில் முடிவெடுக்கும்படி உன்னை நெருக்க யாருக்கும் மருத்துவக் காரணம் இல்லை.

ஆகவே தேதியைத் தள்ளிவைக்கச் சொல். பழைய சங்கதிகளை, பல் எடுத்த கதை உட்பட, நான் எழுதிய வரிசையிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. மருத்துவர் முன்னால் உட்கார்ந்தால் பாதி மறந்துவிடும். நானும் உடன் வருகிறேன், நாளைச் சொல். ஸ்கேன் அறிக்கையின் நகலையும் ஃபெரிட்டின் முடிவையும் வந்தவுடன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் சுமதி