வெள்ளகவிக்குப் போகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்குகிறது. நம் சிங்கப்பூர் நடைக் குழுக்கள் சில கொடைக்கானல் பக்கம் கிளம்பும். வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை வழியாக வெள்ளகவி என்ற மலைக்கிராமத்துக்கு இறங்க வேண்டும் என்று பலருக்கும் ஆசை. சென்ற ஆண்டு நானும் போனேன். அங்கே நடந்த ஒன்று இன்னும் மனத்தை உறுத்துகிறது.

நம்மூரின் 163 மீட்டர் புக்கிட் தீமா குன்றில் ஏறிப் பழகிய முழங்காலுக்கு அந்த இறக்கம் லேசானதல்ல. வேரும் பாறையுமாகப் பாதை. அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு குதிரைகள் நம்மைத் தாண்டிப் போகும். மோட்டார் சாலை வருவதற்கு முன், பெரியகுளம் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரத் துரைமாரை டோலியில் வைத்து ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஏறிய மலை இது.

வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊருக்குள் அத்தனை கோயில்கள். ஊரையே கோயிலாக நினைக்கிறார்கள். எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும் என்று வழிகாட்டித் தம்பி முன்கூட்டியே சொல்லிவிட்டார். எங்களில் ஒருவர் மட்டும் "அட்டை கடிக்கும், ரெண்டே நிமிஷம்" என்று பூட்ஸோடு நுழைந்துவிட்டார். யாரும் சத்தம் போடவில்லை. திண்ணையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து, செம்பில் தண்ணீர் மொண்டுவந்து, அவர் மிதித்த இடத்தில் தெளித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அப்புறம் எங்கள் எல்லாருக்கும், அவருக்கும் சேர்த்துத்தான், கடுங்காப்பி கொடுத்தார். அவர்கள் தோட்டத்துக் காப்பி. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. பாட்டியின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் அகன்று, குதிகால் வெடிப்பில் செம்மண் ஏறியிருந்தது.

தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலோடு பால்குடம் எடுக்கிறவர்கள் நாம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் யாரையும் உள்ளே விடமாட்டோம். நமக்கு இது தெரியாததா?

குழுத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். விமானம் ஏறுவதற்கு முன்பே, இங்கேயே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். அட்டைக்குப் பயந்தால் துணியில் உப்பு முடிந்துகொண்டு போனால் போதும். கழற்றிய காலணியை வைக்கத் துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையை அந்த மலையில் விட்டு வராதீர்கள். காப்பிக்கொட்டை கிடைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

டிசம்பரில் நாங்கள் மறுபடியும் போகிறோம். பூட்ஸோடு நடந்த அந்த நண்பரும் வருகிறார். பாட்டிக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வைத்திருக்கிறார்.

– வாசகி, ஈசூன்